மணல் போனால் நீரும் போகும்: ஊவாவின் ஆறுகளும் ஐரோப்பா கற்ற பாடமும்

வீடு கட்ட முனையும் எவரும் முதலில் விசாரிப்பது மணலின் விலையைத்தான். ஒரு கியூப் மணல் இன்று என்ன விலை, டிப்பர் கூலி எவ்வளவு, மழைக்கு முன்னர் எடுத்துப் போடலாமா என்பனவே பேச்சாக இருக்கும். அந்த மணல் எந்த ஆற்றிலிருந்து அள்ளப்பட்டது, அள்ளப்பட்ட இடத்தில் ஆறு அதனை மீண்டும் நிரப்பிக்கொள்ள எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று கேட்போர் மிகச் சிலரே. மணல் தானாக வருவது, அள்ள அள்ளக் குறையாதது என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா சூறாவளி நாடெங்கிலும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்துச் சென்றது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இடிந்த வீடுகளையும் அரித்துச் செல்லப்பட்ட வீதிகளையும் மீளக் கட்டியெழுப்ப மணல் தேவை. அதே மழை ஓயாக்களின் கரைகளில் மணலையும் சேற்றையும் குவித்துவிட்டும் சென்றது. இத்தகைய வேளைகளில் ‘ஆறு நிறைய மணல் கிடக்கிறது, அள்ளினால் என்ன?’ என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்குப் பொறுப்பான விடை காண வேண்டுமாயின், ஆற்று மணலின் தொழில் என்ன, அதனை இழந்த நாடுகள் எவற்றையெல்லாம் இழந்தன, எமது சட்டத்தில் எங்கே ஓட்டை உள்ளது என்பவற்றை அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆற்றுக்கு மணல் எதற்கு?

மலைப்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, நீரோடு உருண்டு, நூற்றாண்டுகளின் போக்கில் படிகக்கல் துகள்களாக எஞ்சுவதே ஆற்று மணல். பாலைவனத்தில் மணல் ஏராளம் உண்டு. ஆயினும் காற்றில் உருண்டு வழுவழுப்பான அத்துகள்கள் கொங்கிரீட்டுக்கு அவ்வளவாக உகந்தவையல்ல. ஆற்று மணலின் சொரசொரப்பும் சுத்தமுமே அதற்கு விலையைத் தேடித் தந்துள்ளன. உலகம் ஆண்டொன்றுக்குப் பயன்படுத்தும் மணல், சரளைக்கல் ஆகியவற்றின் அளவு ஏறத்தாழ 5,000 கோடித் தொன் என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டுள்ளது. நீருக்கு அடுத்தபடியாக மனிதன் அதிகம் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுவே.

ஆற்றின் படுக்கையில் மணல் மூன்று பணிகளைச் செய்கின்றது. முதலாவது, அது நீரின் களஞ்சியம். மழைக்காலத்தில் துகள்களின் இடையே நீரைத் தேக்கி, வரட்சியில் சிறிது சிறிதாக விடுவிக்கின்றது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் பெரும்பாலும் ஆற்றின் மட்டத்தைச் சார்ந்ததாகும். படுக்கை ஒரு மீற்றர் தாழ்ந்தால் கிணற்று நீரும் ஆற்றை நோக்கி வடிந்து தாழ்ந்துவிடும். இரண்டாவது, அது நீரின் வடிகட்டி. மூன்றாவது, அது கரைக்கும் பாலத்துக்கும் அடித்தளம். அடியில் தோண்டினால் கரை சரியும். தூண்களின் அத்திவாரம் வெளியே தெரியும்.

ஓரிடத்தில் தோண்டிய குழி அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதும் கவனத்திற் கொள்ளத்தக்கது. குழியின் மேற்புற விளிம்பில் நீர் வேகம் கொண்டு படுக்கையை அரிக்க, பள்ளம் ஆற்றின் மேற்பகுதியை நோக்கி நகர்கின்றது. குழியில் மணலை இழந்த நீரோ, தனது சுமையை மீண்டும் தேடிக்கொள்ளக் கீழ்ப்பகுதிக் கரைகளை அரிக்கின்றது. இவ்வாறு ஒருவர் தோண்டும் குழியின் விலையை, மேலேயும் கீழேயும் பல கிலோமீற்றர் தொலைவில் வாழும் வேறு யாரோ செலுத்துகின்றனர்.

நதிகளின் தாய்வீடு ஊவா

இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களில் பலவற்றின் தலைப்பகுதி ஊவாவில் உள்ளது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். வெலிமடைப் பள்ளத்தாக்கினூடாக ஓடும் உமா ஓயா ரன்தம்பையில் மகாவலியை அடைகின்றது. பதுளை நகரைச் சுற்றி ஓடும் பதுளு ஓயா, துன்ஹிந்தையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து மகாவலியைத் தேடிச் செல்கின்றது. லொக்கல் ஓயாவின் வழியும் அதுவே. பண்டாரவளையைச் சூழ்ந்த மலைகளில் ஊற்றெடுக்கும் கிரிந்தி ஓயா, எல்ல, வெல்லவாய வழியாக லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்தை அடைந்து தெற்குக் கடலில் கலக்கின்றது. நமுனுகுல மலைகளில் பிறக்கும் மாணிக்க கங்கையே கதிர்காமத்தில் அடியார்கள் நீராடும் நதி. கும்புக்கன் ஓயா குமண வரை செல்கின்றது. மகாவலியின் முடிவிடமோ மூதூரும் கிண்ணியாவும் அமைந்துள்ள கொட்டியாரக் குடாவாகும். ஆக, ஊவாவின் ஓர் ஓடையில் நிகழ்வது மலையகத்தோடு முடிந்துவிடும் விடயமல்ல.

இம்மலைகளில் மணலின் கதை இரு முகம் கொண்டது. ஒருபுறம், மலைச்சரிவுகளிலிருந்து மண் அளவுக்கு மீறி வந்து சேர்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. இன்று வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செங்குத்தான சரிவுகளில் பயிரிடப்படுகின்றன. மழையில் கரையும் மேல்மண்ணை உமா ஓயா சுமந்து சென்று ரன்தம்பை நீர்த்தேக்கத்தில் இறக்குகின்றது. 1990ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவை வண்டல் வெகுவாகக் குறைத்துவிட்டமை நீர்ப்பொறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வரும் உண்மையாகும்.

மறுபுறம், அணைகளுக்குக் கீழே ஆறு மணலுக்காக ஏங்குகின்றது. பொல்கொல்ல, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பை என 1976 முதல் 1990 வரை எழுந்த அணைகளும் தடுப்புகளும் மேல்மலையிலிருந்து வரும் பருமணலில் பெரும் பகுதியைத் தடுத்து வைத்துள்ளன. நாட்டின் கட்டட வேலைகளுக்கு மணல் வழங்கும் முக்கிய இடங்களான மகியங்கனைப் பகுதியும் பொலன்னறுவையின் மனம்பிட்டியும் அவ்வணைகளுக்குக் கீழேயே உள்ளன. அங்கே அள்ளப்படுவதிற் பெரும் பகுதி, பண்டைய வெள்ளங்கள் சேர்த்து வைத்த முதல். ஆண்டுதோறும் வரும் வட்டியன்று. முதலை எடுத்துச் செலவழிக்கும் குடும்பம் எந்நிலையை அடையும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

தோட்ட மக்களைப் பொறுத்தவரை இது வெறும் கணக்கு விவகாரமன்று. லயன்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் ஊற்று நீரும் ஓடை நீருமே குடிநீர். பீலியில் நீர் நின்றுவிட்டால் குடத்தோடு மலை இறங்குபவர்கள் கொழுந்து பறித்துக் களைத்து வந்த பெண்களே. நிலத்தடி நீர் ஒருமுறை வழிமாறினால் என்ன நேரும் என்பதைப் பண்டாரவளை மக்கள் அனுபவத்தில் அறிவர். உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014இன் இறுதியிலும் பின்னர் 2017இலும் பெருமளவு நீர் கசிந்தபோது, சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017 ஜூன் மாதம் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாக வீதியில் இறங்கினர். அத்திட்டம் 2024 ஏப்ரல் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அங்கு காரணம் சுரங்கம், மணலகழ்வன்று. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தைக் கணக்கில் எடுக்காத வேலைக்கு மேலே வாழும் மக்களே விலை கொடுக்கின்றனர் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

தாழ்நிலம் கண்ட விளைவு

மணலகழ்வின் விளைவை முழுமையாகக் காண விரும்புவோர் நாட்டின் மேற்கையும் தெற்கையும் நோக்கலாம். தெதுரு ஓயாவும் மகா ஓயாவும் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடின்றி அகழப்பட்டதில் படுக்கை தாழ்ந்து, கரைகள் சரிந்து, அயற்கிராமங்களின் கிணறுகள் வற்றின. களனி கங்கையின் படுக்கை கடல்மட்டத்திற்கும் கீழே சென்றமையால், வரட்சிக் காலங்களில் உவர்நீர் உட்புகுந்து கொழும்புக்கு நீர் வழங்கும் அம்பத்தளை நிலையத்தை எட்டுகின்றது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மணல் மூட்டைகளை அடுக்கி அதனைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆற்றிலிருந்து அள்ளிய மணலை மூட்டையாகக் கட்டி மீண்டும் ஆற்றில் இறக்கும் நிலை இது.

மாத்தறையில் நில்வளா கங்கைக்கும் இக்கதியே நேர்ந்தது. உவர்நீரைத் தடுக்க அங்கு அமைக்கப்பட்ட தடுப்பணையினால் தமது வயல்கள் வெள்ளத்தில் மூழ்குவதாக விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு தவறைத் திருத்தப் போடும் அணை இன்னொரு துயரத்துக்கு வாயிலாகின்றது.

ஐரோப்பா கற்ற பாடம்

மணலகழ்வு வறிய நாடுகளின் நோய் என்று எண்ணுவது தவறாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் கட்டியெழுப்பிய ஐரோப்பா, தனது நதிகளை இயந்திரங்களால் தோண்டியது. இத்தாலியின் போ நதியின் படுக்கை, அகழ்வினாலும் அணைகளினாலும் சில இடங்களில் பல மீற்றர் தாழ்ந்தது. பாசன வாய்க்கால்களின் வாய் உயரே நிற்க, நீர் கீழே ஓடியது.

பிரான்ஸில் லுவார் நதியின் படுக்கையும் இவ்வாறே தாழ்ந்தது. தூர் நகரில் 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புகழ்மிக்க வில்சன் கற்பாலத்தின் அடியிலிருந்த மரத் தூண்கள் நீர்மட்டம் தாழ்ந்தபோது வெளிப்பட்டு நலிவுற்றன. 1978 ஏப்ரல் 9ஆம் திகதி அப்பாலத்தின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. பாலத்தோடு சென்ற குழாய்கள் அறுந்ததில் நகரத்தின் பெரும் பகுதி குடிநீரின்றித் தவித்தது. இதன் பின்னரும் சட்டம் முழுமை பெற 16 ஆண்டுகள் சென்றன. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அகழ்விடங்களை அபாயகரமான தொழிற்றுறைகளுக்குரிய கடும் அனுமதி முறையின் கீழ் கொண்டுவந்தது. 1994 செப்டெம்பர் 22ஆம் திகதிய அமைச்சு ஆணை, நீரோடும் படுக்கையில் மணலும் சரளையும் எடுப்பதை அடியோடு தடை செய்தது. ஆற்றைப் பேணுவதற்கு அவசியமான தூர்வாரலுக்கு மாத்திரமே அங்கு விலக்கு உண்டு.

போர்த்துக்கல் இதனிலும் கொடிய விலையைச் செலுத்தியது. 2001 மார்ச் 4ஆம் திகதி இரவு, டோரோ நதியின் மீதிருந்த நூறாண்டுக்கும் மேற்பட்ட ஹின்ட்சே ரிபெய்ரோ பாலத்தின் தூண் ஒன்று சாய, பேருந்து ஒன்றும் மூன்று கார்களும் வெள்ளத்தில் வீழ்ந்தன. 59 பேர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வாதுமை மலர்களைக் காணச் சென்று வீடு திரும்பிய கிராம மக்கள். பொறுப்பான அமைச்சர் உடனடியாகப் பதவி விலகினார். பல்லாண்டு கால மணலகழ்வு தூணின் அடியை வெறுமையாக்கியதை விசாரணைகள் சுட்டின. எனினும் 2006இல் வழக்கின் எதிரிகள் விடுவிக்கப்பட்டனர். தனித்தனி அனுமதிகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து நதிக்கு என்ன செய்கின்றன என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்போ எவர் தலையிலும் உறுதியாகச் சுமத்தப்படவில்லை. எமது நாட்டுக்கு மிக அவசியமான பாடம் இதுவென்றே நாம் கருதுகின்றோம்.

வேறு சில நாடுகள் விலையின் வழியே வழி தேடின. சுவீடன் 1996இல் இயற்கைச் சரளைக்கு வரி விதித்து, உடைத்த கல்லின்பால் கட்டடத் துறையைத் திருப்பியது. பிரித்தானியா 2002 ஏப்ரல் மாதம் தொன்னுக்கு 1.60 பவுண் வீதம் மணல், சரளை, கல் ஆகியவற்றுக்கு வரி கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் நீர்ச் சட்டகப் பணிப்புரையினூடாக, நிர்வாக எல்லைகளை ஒதுக்கி, நதியின் வடிநிலத்தையே முகாமைத்துவத்தின் அலகாக ஏற்றது. 2008இல், கட்டட இடிபாடுகளில் எடைக்கணக்கில் 70 சதவீதத்தை 2020க்குள் மீளப் பயன்படுத்தும் இலக்கையும் விதித்தது.

ஜேர்மனியின் உதாரணம் சிந்தனைக்குரியது. ரைன் நதியில் இஃபெட்சைம் அணைக்குக் கீழே படுக்கை அரிக்கப்படுவதைத் தடுக்க, 1978 முதல் சரளையை வள்ளங்களில் கொண்டுசென்று நதியில் கொட்டி வருகின்றனர். அங்கு குறைவை ஏற்படுத்தியது அணை. ஆயினும் ஒரு நதி இழந்த படுக்கையை மனிதன் காசு கொடுத்து, ஆண்டுதோறும், முடிவின்றி நிரப்ப வேண்டியுள்ளது. அத்தகைய செலவை எமது திறைசேரி தாங்குமா?

ஐரோப்பாவை அப்படியே பின்பற்றுங்கள் என்று நாம் கூறவில்லை. தமது நதிகளைக் காத்த நாடுகள் சில, கடலடி மணலையும் பிற நாடுகளின் வளங்களையும் நாடின என்பதும் மறுக்க இயலாதது. பாலங்கள் வீழ்ந்த பின்னரே அவர்கள் விழித்தனர் என்பதையும், விழித்த பின்னர் எந்த இடத்தில் கைவைத்தனர் என்பதையும் அறிந்துகொள்வதே எமக்குப் பயன் தருவதாகும்.

எமது சட்டமும் அதன் ஓட்டைகளும்

இலங்கையில் சட்டமில்லை என்று எவரும் கூற முடியாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் கனிய வளங்களின் உரிமையைக் குடியரசுக்கு உரித்தாக்குகின்றது. அகழவும், கொண்டுசெல்லவும், விற்கவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம், நீரோடை ஒதுக்கிடங்களைக் காக்கும் அரச காணிச் சட்ட ஏற்பாடுகள் ஆகியனவும் உள்ளன. மத்திய சுற்றாடல் அதிகார சபை, பிரதேச செயலகங்கள், நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, பொலிஸ் எனப் பொறுப்பாளர்களும் பலர்.

ஓட்டை எங்கே? முதலாவது, அளவில் உள்ளது. 1993 ஜூன் மாத வர்த்தமானி அறிவித்தலின்படி, நிலத்தில் மேற்பரப்பு அகழ்வு 10 ஹெக்டேயரை விஞ்சும்போதே பொதுவாகச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமாகின்றது. ஆற்று மணல் அனுமதிகளோ பெரும்பாலும் சிறு துண்டுகளுக்கானவை. ஓர் ஓயாவில் பத்துப் பேருக்குப் பத்துச் சிறு அனுமதிகள் கிடைத்தால், ஒவ்வொன்றும் சட்டப்படி சிறியதே. ஆனால் ஓயாவுக்கு அவை பத்தும் ஒன்றுதான். இந்தியாவிலும் 5 ஹெக்டேயருக்குக் குறைந்த குத்தகைகள் இவ்வாறே தப்பித்து வந்தன. 2012 பெப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சிறு குத்தகைகளுக்கும் சுற்றாடல் அனுமதி தேவை எனத் தீர்ப்பளித்து அவ்வழியை அடைத்தது. கேரளம் 2001இலேயே ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்துவதற்கும் தனிச் சட்டம் இயற்றியது.

இரண்டாவது ஓட்டை, கண்காணிப்பில் உள்ளது. அகழும் இடத்தில் இரவும் பகலும் உத்தியோகத்தரை நிறுத்த இயலாது. ஆகையால் வீதியில் செல்லும் டிப்பரின் அனுமதிப்பத்திரத்தைப் பரிசோதிப்பதே நடைமுறையில் வலுவான பிடியாகும். 2019 டிசம்பரில் அப்போதைய அரசாங்கம் மணல், மண், களிமண் ஆகியவற்றைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை நீக்கியது. பொலிஸார் லஞ்சம் பெறுவதும், கட்டடச் செலவு உயர்வதும் காரணங்களாகக் காட்டப்பட்டன. பிடி தளர்ந்ததும் நாட்டின் பல பகுதிகளில் அகழ்வு பெருகியதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2020இல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அத்தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தியது. லஞ்சம் பெறும் கையைத் திருத்துவதற்குப் பதிலாக, பரிசோதிக்கும் கையையே எடுத்துவிட்டால் விளைவு என்ன என்பதற்கு அச்சில மாதங்கள் சான்றாக உள்ளன.

மூன்றாவது ஓட்டை, தண்டனை யார் மீது விழுகின்றது என்பதில் உள்ளது. நீரில் மூழ்கி வாளியால் மணல் அள்ளுபவர் நாட்கூலி. உழவு இயந்திரம் ஓட்டுபவரும் பெரும்பாலும் அப்படியே. மணலுக்குப் பணம் போடுபவரும், அனுமதியைத் தன் பெயரில் வைத்திருப்பவரும், மொத்தமாக வாங்கும் ஒப்பந்தக்காரரும் கரைக்கு வருவதில்லை. 2019 ஜனவரி மாதம் கிண்ணியாவில் சட்டவிரோத மணலகழ்வைத் தடுக்கச் சென்ற கடற்படையினரின் சுற்றிவளைப்பின்போது ஆற்றில் குதித்த இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். அதனையொட்டி மோதலும் மூண்டது. சட்டத்தின் முழு எடையும் ஆற்றில் நிற்பவன் தலையில் இறங்குமாயின், அது மணலையும் காக்காது, மனிதனையும் காக்காது. வேலையற்ற தோட்ட இளைஞர்கள் இத்தொழிலுக்கு இழுக்கப்படும் மலையகத்திலும் இது நினைவிலிருத்த வேண்டியதாகும்.

செய்ய வேண்டியவை

மணல் எடுப்பதை முற்றாகத் தடை செய்வது இன்றைய நிலையில் இயலாத காரியம். தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது பல தலைமுறைகளின் கனவாகும். அவ்வீடுகளுக்கு மணல் வேண்டும். திடீர்த் தடை விலையை ஏற்றி, இருட்டு வியாபாரத்தை வளர்த்து, ஏழையின் சுவரை அரையில் நிறுத்திவிடும். எனவே நாம் வலியுறுத்துவது கணக்கையே.

ஒவ்வோர் ஓயாவுக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வந்து சேர்கின்றது என்பதை அளந்து, அதற்குள்ளேயே அனைத்து அனுமதிகளின் கூட்டுத்தொகையும் அடங்க வேண்டும். அளக்க இயலாத இடத்தில் அனுமதி வழங்கலாகாது. அலகு பிரதேச செயலகத்தின் எல்லையாக இன்றி ஆற்றின் வடிநிலமாக இருத்தல் வேண்டும். உமா ஓயாவின் ஒரு கரை ஓர் உத்தியோகத்தருக்கும் மறுகரை இன்னொருவருக்கும் உரியதாயினும், ஆறு ஒன்றே. பாலங்கள், நீர் எடுக்கும் நிலையங்கள், குடிநீர்க் கிணறுகள் ஆகியவற்றின் அண்மையில் அகழ்வுக்கு இடமே இருத்தலாகாது.

வெள்ளம் குவித்த மணலைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. வீதியையும் வயலையும் மூடிய மணலையும், பாலத்தின் கண்களை அடைத்த மணலையும் அகற்றுவது அவசியம். அதனை வீடிழந்தோரின் வீடமைப்புக்குப் பயன்படுத்துவது நியாயமும் ஆகும். ஆனால் அளவும் காலவரையும் குறிக்கப்பட்ட ஒரு தடவை வேலையாக அது இருத்தல் வேண்டும். தூர்வாரல் என்ற பெயரில் தொடங்கி நிரந்தர அகழ்விடமாக மாறுவதை அனுமதிக்கலாகாது. நீர்த்தேக்கங்களில் படிந்த வண்டலை அகற்றும்போது கிடைக்கும் மணலும் இத்தகைய மாற்று மூலமே. அங்கு அள்ளுவது ஆற்றுக்குக் கேடன்றி நன்மையே தரும். எனினும் சேற்றைப் பிரித்துச் சுத்திகரிக்கும் செலவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

கடல் மணலைக் கழுவிப் பயன்படுத்துவதும் கல்லை உடைத்து மணலாக்குவதும் நாட்டில் ஏற்கனவே நடைபெறுகின்றன. கடல் மணலிலுள்ள உப்பு, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் தரப்பரிசோதனை இன்றியமையாதது. மலையகத்தைப் பொறுத்தவரை, கல்லுடைத்தல் என்றவுடன் எச்சரிக்கை தேவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியதை எவரும் மறந்திருக்க முடியாது. சரிவுகளில் வெடிவைத்துக் கல் எடுக்கும் முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சொல்லுக்குச் செவிசாய்த்தே ஆக வேண்டும். ஆற்றைக் காக்க மலையைச் சரித்தோம் என்ற பழி எமக்கு வேண்டாம்.

மேலும், ஆற்றின் மணலைக் காக்கும் வேலை ஆற்றங்கரையில் தொடங்குவதில்லை. மரக்கறித் தோட்டத்தின் வரப்பிலும், கைவிடப்பட்ட தேயிலை மலையின் வெற்றுத் தரையிலும், ஓடையோர மரங்களின் வேரிலும் அது தொடங்குகின்றது. தோட்டக் கம்பனிகள் தமது எல்லைக்குள் ஓடும் நீரோடைகளின் ஒதுக்கிடங்களில் மரம் வளர்ப்பதைக் குத்தகைக் கடமைகளில் ஒன்றாக ஏற்கச் செய்தல் வேண்டும்.

மக்களின் கையிலுள்ள கருவிகள்

அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாத்து அதன் வளங்களைப் பேணுவது இந்நாட்டில் வாழும் ஒவ்வொருவரதும் கடமை என்கின்றது. 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களைப் பொறுத்து அரசு மக்களின் சார்பிலான பாதுகாவலர் என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. முஸ்லிம் மக்களின் வழக்கில் கூறுவதாயின், அது ஓர் அமானிதம். பொறுப்பில் வைத்திருப்பவர் தன் விருப்பப்படி விற்றுவிட இயலாது.

ஓர் ஓயாவில் எத்தனை அனுமதிகள், யாருக்கு, எவ்வளவுக்கு, எத்திகதி வரை வழங்கப்பட்டுள்ளன என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்து மூலம் கோரலாம். பொதுத்தொல்லையை அகற்றுமாறு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. கிணறு வற்றியதா, எந்த மாதத்தில், எத்தனை அடி இறங்கியது என்று ஊர்ச் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஆலய சபையோ தோட்டத் தலைவரோ ஒரு கொப்பியில் குறித்து வருவது, நீதிமன்றத்தில் ஆயிரம் ஆவேசப் பேச்சுகளை விடப் பயன் தரும். இக்கோரிக்கைகளைத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமது மக்களுக்கு உரிமை உண்டு என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

பிரதேச செயலகங்களும் கோரிக்கைக்காகக் காத்திராமல், தமது எல்லைக்குட்பட்ட மணல் அனுமதிகளின் பட்டியலைச் சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் பலகையில் இடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு தாளும் மனமும் போதும். அவ்வாறு இடப்படும் பட்டியலை ஊரார் கூட்டிப் பார்த்தால், டோரோ நதிக்கரையில் எவரும் கூட்டிப் பார்க்காத அந்தத் தொகை எமது ஓயாக்களுக்காவது தெரியவரும்.

தூர் நகரின் பாலம் வீழ்ந்து பிரான்ஸ் தனது ஆணையைப் பிறப்பிக்க 16 ஆண்டுகள் சென்றன. ஊவாவின் மலைச்சரிவுகளுக்கு அத்தனை அவகாசம் இல்லை. மீளக் கட்டும் பணிகளுக்கான மணல் எங்கிருந்து, எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில் எடுக்கப்படும் என்பதை மாவட்டச் செயலகமும் புவிச்சரிதவியல் பணியகமும் ஓயா வாரியாக இப்போதே அறிவித்தல் வேண்டும். புதிதாக எழும் வீட்டுக்குச் சுவர் இருந்து, அதன் கிணற்றில் நீர் இல்லாமற் போனால், அவ்வீட்டை எவருக்காகக் கட்டினோம் என்ற கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் அவர்களே.